இரைப்பைப் பட்டியும் காலமும்: ஒரு சத்திரசிகிச்சை உபகரணத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன மருந்தைக் கண்டார், இன்ன சத்திரசிகிச்சையை முதன்முதலிற் செய்தார் என்னும் வரிசையிலேயே அது நடைபோடுகின்றது. பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் கழிந்தபின், அக்கண்டுபிடிப்பைத் தம் உடலிலே தாங்கியவர்களுக்கு யாது நேர்ந்தது என்ற வினா அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அவ்வினாவை முதன்மைப்படுத்தி நோக்குமிடத்து, வெற்றிகளாகக் கொண்டாடப்பட்ட சிலவற்றின் வரலாறு வேறு வடிவம் பெறுவதைக் காணலாம்.

மிகையான உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பூட்டப்படும் சிலிக்கோன் பட்டி இதற்குத் தக்கவோர் எடுத்துக்காட்டாகும். 1990களிலே ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும், 2001 ஆம் ஆண்டின் பின் ஐக்கிய அமெரிக்காவிலும் இது பெருவழக்குப் பெற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் வழக்கிழந்தும் போயிற்று. அவ்வீழ்ச்சிக்கு ஏதுவான நீண்டகாலச் சிக்கல்கள் எதிர்பாராத விபத்துக்கள் அல்ல. பட்டியின் அமைப்பிலேயே பொதிந்திருந்தவை. பயனையும் கேட்டையும் எக்கால அளவைகொண்டு அளப்பது என்பதில் மருத்துவமும் சந்தையும் கொண்ட நிலைப்பாடே அவற்றைக் காலந்தாழ்த்திக் காணச் செய்தது. இக்கருத்தை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பட்டியின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முந்திய முயற்சிகளைச் சிறிது நோக்குதல் வேண்டும். உடற்பருமனைச் சத்திரசிகிச்சையினாற் குறைக்கும் முயற்சி 1950களிலே தொடங்கியது. 1954 இல் ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறெமென், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி, உணவு குறுகிய வழியிற் செல்லுமாறு செய்யும் முறையை விவரித்தனர். உண்பது உடலிற் சேராது வெளியேறின் எடை குறையும் என்பதே அதன் அடிப்படை. எடை குறையவே செய்தது. ஆயின் 1960களிலும் 1970களிலும் இச்சிகிச்சையைப் பெற்றோர் பலர் ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், மூட்டு அழற்சி, ஈரல் செயலிழப்பு ஆகியவற்றுக்கு உள்ளாயினர். 1980 அளவில் இம்முறை கைவிடப்பட்டது. சத்திரசிகிச்சை மேசையில் வெற்றியாகத் தோன்றியது சில ஆண்டுகளின் பின் நோயாக உருவெடுத்த முதலாவது அனுபவம் இதுவாகும்.

இவ்வனுபவத்தின் எதிர்விளைவாக, சமிபாட்டைக் குலைக்காமல் உண்ணும் அளவை மட்டும் கட்டுப்படுத்தும் முறைகள் நாடப்பட்டன. அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வேட் மேசன் 1966 இல் இற்றோ என்பவருடன் இணைந்து இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைச் செய்தார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனை நேரே சிறுகுடலுடன் இணைப்பது அம்முறை. 1980 இல் அவரே குடலைத் தொடாது, இரைப்பையைத் தையலூசிக் கருவியாற் பிரித்து, பையின் வாயிலை ஒரு வளையத்தால் இறுக்கும் மற்றொரு முறையை வகுத்தார். இதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1978 இல், வில்க்கின்சன், பெலோசோ ஆகிய இருவரும் இரைப்பையை வெட்டாமலும் தைக்காமலும் அதன் மேற்பகுதியைச் செயற்கை வலையினாற் சுற்றிக் கட்டினர். இரைப்பைப் பட்டியின் முன்னோடி இதுவே எனலாம்.

வெட்டாது கட்டுதல் என்னும் இவ்வெண்ணத்தின் கவர்ச்சி வெளிப்படையானது. வெட்டியதை மீளப் பொருத்துதல் கடினம், கட்டியதை அவிழ்த்துவிடலாம். எனினும், ஒருமுறை கட்டியபின் இறுக்கத்தை மாற்ற இயலாமை பெருங் குறைபாடாயிருந்தது. தளர்ந்தாற் பயனில்லை, இறுகினால் வாந்தி. இக்குறையை நீக்கியவர்கள் இருசாரார். சுவீடனில் ஹோல்பேர்க், போர்செல் ஆகியோர் 1985 இலும், நியூ ஜேர்சியில் லுபோமிர் குஸ்மாக் 1986 இலும், உட்புறத்தில் ஊதிப் பெருக்கத்தக்க பலூனைக் கொண்ட சிலிக்கோன் பட்டியைப் பயன்படுத்தினர். பலூனிலிருந்து செல்லும் மெல்லிய குழாய் வயிற்றுத் தோலின்கீழ்ப் பதிக்கப்பட்ட ஒரு சிறு கிண்ணத்துடன் இணைக்கப்படும். வைத்தியர் தோலினூடாக ஊசியைச் செலுத்தி உப்புநீரை ஏற்றினாற் பட்டி இறுகும், எடுத்தால் தளரும். மறுபடியும் மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை.

3

இத்தகைய பட்டி பரவலாவதற்கு மற்றுமொரு தொழில்நுட்ப மாற்றம் துணைநின்றது. 1980களின் பிற்பகுதியிற் பித்தப்பையைச் சிறு துளைகளினூடாக அகற்றும் லப்பரஸ்கோப்பி முறை வேகமாகப் பரவியது. வயிற்றை நீளமாகக் கீறாமல் உள்ளே பணியாற்றலாம் என்பது நிறுவப்பட்டதும், எளிதாகப் பூட்டத்தக்க பட்டி அம்முறைக்கு மிகவும் இசைவானதாயிற்று. 1993 செப்ரெம்பர் 1 ஆந் திகதி பெல்ஜியத்தின் ஹுய் நகரில், எத்தியோப்பியாவிற் பிறந்த மிற்றிக்கு பெலாச்சூ என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், மாற்றியமைக்கத்தக்க பட்டியை லப்பரஸ்கோப்பி மூலம் மனிதருக்கு முதன்முதலிற் பொருத்தினார். அடுத்த ஆண்டே அவுஸ்திரேலியாவிலும் இம்முறை தொடங்கியது. மெல்பேண் நகரின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஓபிரையன் அதன் முதன்மையான ஆய்வாளராக விளங்கினார்.

பட்டியின் சார்பாக முன்வைக்கப்பட்ட நியாயங்கள் மூன்று. அது உடலை வெட்டுவதில்லை, தேவைக்கேற்ப மாற்றத்தக்கது, வேண்டாதவிடத்து அகற்றத்தக்கது. இவற்றோடு, உடனடி ஆபத்து மிகக் குறைவு என்பதும் சேர்ந்தது. 2004 இல் புக்வால்டும் சகாக்களும் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி வெளியிட்ட கணிப்பின்படி, சத்திரசிகிச்சைக்குப்பின் 30 நாள்களுக்குள் நிகழும் மரணம், பட்டி முதலான கட்டுப்படுத்தும் முறைகளில் 0.1 சதவீதம்; இரைப்பை மாற்றுவழியில் 0.5 சதவீதம். இவ்வேறுபாடு உண்மையானது, அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் 30 நாள் என்ற அளவுகோல் மனங்கொள்ளத்தக்கது. வெட்டித் தைக்கும் சிகிச்சையின் ஆபத்துக்களிற் பெரும்பகுதி அக்காலத்துள் நிகழ்ந்து முடிகின்றது. அந்நியப் பொருளொன்றை உடலில் விட்டுவரும் சிகிச்சையின் ஆபத்தோ அக்காலத்தின் பின்னரே தொடங்குகின்றது. ஆகவே அவ்வளவுகோல், எவ்வகை உள்நோக்கமுமின்றியே, பட்டிக்குச் சாதகமாக அமைந்துவிட்டது.

2001 யூனில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் பட்டிக்கு அனுமதி வழங்கியது. அவ்வனுமதிக்கு ஆதாரமாயமைந்த பரிசோதனையிற் பங்குகொண்டோர் 299 பேர். அவர்கள் கவனிக்கப்பட்ட காலம் மூன்றாண்டு. அவர்களுள் பத்தில் ஒன்பது பேரளவினர் ஏதேனுமொரு பாதக விளைவை அனுபவித்திருந்தனர். அவற்றுட் பல சிறியவை என்பது மெய்யே. எனினும் வாழ்நாள் முழுவதும் உடலில் இருக்கவேண்டிய ஒரு பொருள் மூன்றாண்டு அவதானத்தின் பேரில் சந்தைக்கு வந்தது. 2008 இல் உலகெங்கும் நிகழ்ந்த உடற்பருமன் சத்திரசிகிச்சைகளுள் 42.3 சதவீதம் பட்டிச் சிகிச்சைகளே.

4

இவ்விடத்து, பட்டியினால் விளையும் நீண்டகாலச் சிக்கல்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை விளக்குதல் அவசியமாகின்றது. இரைப்பை அசையாத பாத்திரமன்று. அது ஒவ்வொரு வேளையும் விரிந்து சுருங்கும் தசைப்பை. பட்டியோ தன் இடத்தில் நிலைத்திருக்கவேண்டிய வளையம். இயங்கும் உறுப்புக்கும் இயங்காத வளையத்துக்கும் இடையிலான இம்முரண்பாடே சிக்கல்கள் யாவற்றுக்கும் மூலமாகும்.

முதலாவது, நழுவுதல். பட்டிக்குக் கீழேயுள்ள இரைப்பைப் பகுதி படிப்படியாக வளையத்தினூடே மேலேறுகின்றது. மேலுள்ள சிறு பை பெரிதாகின்றது. உணவு தங்கும், நெஞ்செரிவும் வாந்தியும் உண்டாகும். திடீரென நிகழின் மேலேறிய பகுதிக்குக் குருதியோட்டம் தடைப்பட்டு இழையம் அழுகும் ஆபத்துமுண்டு. அந்நிலையில் உடனடியாகப் பட்டியைத் தளர்த்தாவிடின் உயிருக்கே கேடு. பட்டியைச் செலுத்தும் பாதை 1990களின் இறுதியிலிருந்து மாற்றப்பட்டதனால் நழுவுதல் குறைந்தது, ஒழிந்துவிடவில்லை.

இரண்டாவது, அரித்து உட்புகுதல். நெடுங்காலம் அழுத்திக்கொண்டிருக்கும் பட்டி இரைப்பைச் சுவரைச் சிறிது சிறிதாக அரித்து உட்குழிக்குள் வந்துவிடுகின்றது. இது பெரும்பாலும் நோவின்றி நிகழ்வது. தோலின்கீழுள்ள கிண்ணத்தைச் சூழக் காரணமின்றித் தோன்றும் கிருமித்தொற்றோ, பட்டியை எவ்வளவு இறுக்கியும் பசி அடங்காமையோ அதன் முதல் அறிகுறியாக அமையலாம். எடை மீளக் கூடியதற்கு நோயாளியின் கட்டுப்பாடின்மையே காரணமென்று கருதப்பட்ட சந்தர்ப்பங்களிலும், உண்மையிற் பட்டி தன் இடத்தில் இல்லாதிருத்தல் கூடும்.

மூன்றாவது, உணவுக்குழாயின் விரிவு. இறுகிய வாயிலுக்கு எதிராக உணவைத் தள்ளித் தள்ளி உணவுக்குழாய் தளர்ந்து விரிவடைகின்றது. இரவில் உணவும் அமிலமும் மேலெழுந்து இருமலையும் நுரையீரற் தொற்றையும் உண்டாக்கலாம். நான்காவது, உபகரணத்தின் பழுது: குழாய் கசிதல், அறுதல், கிண்ணம் புரளுதல் முதலியன. ஐந்தாவது, போசணைக் குறைபாடு. பல வாரங்கள் தொடரும் வாந்தியினால் உயிர்ச்சத்து பி1 குன்றி, நரம்புகளுக்கும் மூளைக்கும் நிரந்தரமான பாதிப்பு ஏற்படலாம்.

இவற்றுடன் மற்றுமொன்றையும் கூறுதல் வேண்டும். பட்டி திண்மமான உணவையே தடுக்கின்றது. சோறு, இறைச்சி, நார்ச்சத்துள்ள மரக்கறி ஆகியன தங்கிநிற்க, ஐஸ்கிறீமும் சொக்கலேற்றும் இனிப்புப் பானமும் தடையின்றி இறங்கிச் செல்கின்றன. நல்லுணவைத் தண்டித்துத் தீயவுணவை அனுமதிக்கும் ஒரு வாயிலை உடலினுள் அமைத்துவிட்டு, அவ்வாயிலின் வழியே நடந்தவரைக் குறைகூறும் போக்கு நீண்டகாலம் நிலவியது.

5

காலம் செல்லச்செல்ல ஐரோப்பாவிலிருந்து வேறுவிதமான செய்திகள் வரலாயின. சுவிற்சர்லாந்தின் லோசான் பகுதியில் சுற்றரும் சகாக்களும் 317 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றிலொரு பங்கினருக்குப் பிற்காலச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. அவ்வாய்வில் முக்கியமானது மொத்தத் தொகையன்று, அதன் போக்கு. ஒவ்வோராண்டும் பெருஞ்சிக்கல்களின் வீதம் 3 முதல் 4 சதவீதம் கூடிச்சென்றது. சிக்கல், ஒருமுறை கடந்துவிட்டால் நீங்கிவிடும் ஆபத்தாக அன்றி, ஆண்டுதோறும் வட்டியுடன் வளரும் கடனாக வெளிப்பட்டது. பட்டியை முதற்தெரிவாக இனிக் கொள்ளலாகாது என்றே அவ்வாய்வாளர் முடிவுகூறினர்.

2011 இல் வெளியான பிரசெல்ஸ் ஆய்வு இதனை மேலும் வலியுறுத்தியது. 1994 முதல் 1997 வரை பட்டி பொருத்தப்பட்ட 151 பேருள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின்பின் 82 பேரையே அணுக முடிந்தது. அவர்களுள் 39 சதவீதத்தினர் பெருஞ்சிக்கலுக்கு ஆளாகியிருந்தனர். 28 சதவீதத்தினரிற் பட்டி இரைப்பையை அரித்திருந்தது. 60 சதவீதத்தினர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். பாதியளவினரின் பட்டி அகற்றப்பட்டிருந்தது. இவ்வாய்வை எழுதியோருள் ஒருவரான கடியேர் லப்பரஸ்கோப்பிப் பட்டியின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. தாம் வளர்த்த முறையின் தோல்வியைத் தாமே ஆவணப்படுத்திய அறிவியல் நேர்மையை இதிற் காண்கின்றோம்.

இதற்கு மாறாக, 2013 இல் ஓபிரையன் குழுவினர் வெளியிட்ட மெல்பேண் ஆய்வு பட்டிக்குச் சார்பாக அமைந்தது. 3,227 நோயாளரை உள்ளடக்கிய அவ்வாய்வின்படி, பதினைந்தாண்டுகளின் பின்னும் மிகையெடையில் 47 சதவீதம் குறைந்தே நின்றது, அரித்தல் 3.4 சதவீதம் மட்டுமே. பட்டியை முற்றாக அகற்றியோர் 5.6 சதவீதத்தினர். அக்குழுவின் டிக்சன் முதலியோர் 2008 இல் வெளியிட்ட பரிசோதனையில், அண்மையில் நீரிழிவு கண்ட 60 பேருட் பட்டி பொருத்தப்பட்டோரில் 73 சதவீதத்தினருக்கு நீரிழிவு தணிந்தது. வழமையான சிகிச்சை பெற்றோரில் 13 சதவீதத்தினருக்கே தணிந்தது. பட்டியினால் எவரும் பயனடையவில்லை என்று கூறுவது வரலாற்றுக்கு மாறாகும்.

பிரசெல்ஸும் மெல்பேணும் ஒரே உபகரணத்தைப் பற்றி இவ்வளவு முரண்படுவானேன்? மெல்பேண் நிலையம் உற்பத்தியாளரிடமிருந்து ஆய்வுநிதி பெற்றமை வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட ஒன்று. அதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். பட்டியைச் செலுத்தும் பாதை பிந்திய ஆண்டுகளில் திருந்தியதும் ஒரு காரணம். எனினும் இவை மட்டும் போதிய விளக்கமாகா. மெல்பேண் முடிவுகளைக் கூர்ந்து நோக்கின், பையின் விரிவுக்காக 26 சதவீதத்தினரும், குழாய், கிண்ணம் ஆகியவற்றின் பழுதுக்காக 21 சதவீதத்தினரும் மறுசத்திரசிகிச்சை பெற்றமை தெரியவரும். அங்குப் பட்டி பழுதடையாது இருந்ததில்லை, பழுதடைந்தபோதெல்லாம் திருத்தப்பட்டது. நோயாளரை ஆண்டுக்கணக்கிற் பின்தொடரும் சிறப்பு நிலையமொன்று அதற்கெனவே இயங்கியது. ஆகவே மெல்பேணில் வெற்றியடைந்தது பட்டி மட்டுமன்று. பட்டியைச் சூழ அமைக்கப்பட்ட பராமரிப்பு அமைப்புமாகும். அவ்வமைப்பு இல்லாதவிடத்து அதே பட்டி வேறொரு பொருளாகிவிடுகின்றது.

சுவீடனின் நீண்டகால ஆய்வும் இதனை மறுக்கவில்லை. 1987 இல் தொடங்கிய அவ்வாய்வு, உடற்பருமன் சத்திரசிகிச்சை மொத்தத்தில் ஆயுளை நீட்டிக்கின்றது என 2007 இல் எடுத்துக்காட்டியது. அதே ஆய்வின் 2019 ஆம் ஆண்டு அறிக்கை, 26 ஆண்டுகள்வரை நோக்கியபோது பட்டி பெற்றோரில் 40.7 சதவீதத்தினரும், மாற்றுவழி பெற்றோரில் 7.5 சதவீதத்தினரும் திருத்தச் சத்திரசிகிச்சை பெற்றனர் எனக் காட்டியது. முப்பதாவது நாளிற் பாதுகாப்பானதாகத் தோன்றியது இருபத்தாறாம் ஆண்டிற் பின்தங்கிவிட்டது.

6

மேற்கண்ட பராமரிப்பை எந்தச் சமூக அமைப்பு வழங்கவல்லது என்ற வினா இங்கு எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்கு விடை பகர்கின்றது. அங்குப் பட்டி, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் உறவாகவன்றி, ஒருநாளில் முடியும் பண்டமாக விற்கப்பட்டது. தென் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைகளிற் பட்டியை விளம்பரஞ் செய்த பலகைகள் ஆபத்துக்களைப் போதியளவு தெரிவிக்கவில்லை என 2011 டிசெம்பரில் உணவு மருந்து நிர்வாகம் எட்டுச் சத்திரசிகிச்சை நிலையங்களுக்கும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கும் எச்சரிக்கை அனுப்பியது. அதே ஆண்டின் பெப்ரவரியில் அதே நிர்வாகம், 149 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வின் அடிப்படையில், குறைந்த பருமனுடையோருக்கும் பட்டி பொருத்த அனுமதித்திருந்தது. ஐரோப்பிய ஆய்வாளர் பன்னிரண்டாண்டுக் கணக்கை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே என்பதை ஒப்புநோக்குக.

செலவுக் கணக்கு இதனிலும் தெளிவானது. முதியோருக்கும் இயலாமையுற்றோருக்குமான அந்நாட்டின் அரச காப்புறுதியான மெடிக்கேயரின் பதிவுகளை ஆராய்ந்த இப்றாகீம் முதலியோர், 2006 முதல் 2013 வரை பட்டி பெற்ற 25,042 பேருள் 18.5 சதவீதத்தினர் மறுசத்திரசிகிச்சை பெற்றதாக 2017 இல் தெரிவித்தனர். அவ்வாறு பெற்றோர் சராசரியாக 3.8 தடவை மேலதிக சிகிச்சைக்கு உட்பட்டனர். பட்டிக்காகச் செலவான 470 மில்லியன் டொலரில் 224 மில்லியன் மறுசிகிச்சைக்கே சென்றது. பண்டம் தனியார் சந்தையில் இலாபமீட்டியது. அதன் பின்விளைவைப் பொதுநிதி சுமந்தது.

பண்டத்தின் உரிமையும் கைமாறியவண்ணமே இருந்தது. பட்டியைச் சந்தைப்படுத்திய இனாமெட் நிறுவனத்தை 2006 இல் அலர்கன் வாங்கியது. 2013 இல் அலர்கன் அதனை அப்போலோ நிறுவனத்துக்கு விற்றது. 2018 இல் அது ரீஷேப் நிறுவனத்திடம் சென்றது. ஒருவரின் உடலினுள் இருக்கும் பொருள் அங்கேயே இருக்க, அதற்குப் பொறுப்பானவர் மட்டும் மாறிக்கொண்டேயிருந்தனர். 2011 இல் அந்நாட்டின் உடற்பருமன் சத்திரசிகிச்சைகளுள் 35.4 சதவீதமாயிருந்த பட்டி, 2018 இல் ஏறத்தாழ 1 சதவீதமாகச் சுருங்கியது. 2012 அளவிற் பிரித்தானியாவில் தொடங்கிய ஒப்பீட்டுப் பரிசோதனையின் முடிவு 2025 இல் வெளியாகி, எடை குறைப்பிற் பட்டியே பின்தங்கியது எனக் காட்டியபோது, பட்டியை எவரும் பெரிதும் நாடாத நிலை ஏற்பட்டிருந்தது.

இவ்வீழ்ச்சியைத் தவறு திருத்தப்பட்டதன் சான்றாக மட்டும் கொள்ளுதல் மேலோட்டமான பார்வையாகும். புதிதாகப் பொருத்துவது நின்றதேயன்றி, முன்பு பொருத்தியவை உடல்களில் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைத் தாங்குவோரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குப் பட்டி பூட்டிய நிலையங்கள் பல இன்று பட்டிச் சிகிச்சை செய்வதில்லை; இளந்தலைமுறைச் சத்திரசிகிச்சையாளர் பலர் அதைப் பூட்டிப் பழகியவருமல்லர். வேறு நாட்டுக்குச் சென்று குறைந்த கட்டணத்திற் பட்டி பெற்று மீண்டோரின் நிலை இன்னும் இக்கட்டானது. வாந்தியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒருவருக்கு உரிய ஊசியால் உப்புநீரை வெளியேற்றிப் பட்டியைத் தளர்த்துவது ஓர் எளிய செயல். ஆனால் அதை அறிந்த கரம் அங்கிருத்தல் வேண்டும். உபகரணம் வழக்கொழியும்போது அதைப் பற்றிய கைத்திறனும் உடன் மறைகின்றது. அதைச் சுமக்கும் உடல்களோ மறைவதில்லை.

7

உடற்பருமன் தனிமனிதரின் மனவுறுதிக் குறைபாடு என்ற கருத்து பட்டியின் வரலாறு முழுவதிலும் இழையோடி நிற்பதைக் காணலாம். மலிவான இனிப்பையும் கொழுப்பையும் பெருந்தொகையில் உற்பத்திசெய்யும் உணவுத் தொழிலும், நீண்ட வேலைநேரமும், வறுமையும் உருவாக்கிய ஒரு நிலைமைக்கு, ஒவ்வோர் உடலினுள்ளும் ஒவ்வொரு பூட்டை இடுவதே தீர்வாக முன்வைக்கப்பட்டது. பூட்டுப் பழுதானபோதும் குற்றம் உடலுக்குரியவர் மீதே சுமத்தப்பட்டது. பிரசெல்ஸில் அணுக முடியாதுபோன 69 பேர் ஏன் மீண்டும் வரவில்லை என்பதை நாம் அறியோம். தோல்விக்குத் தாமே காரணமெனக் கூசி ஒதுங்கியோரும் அவர்களுள் இருத்தல் கூடும்.

இன்று பட்டியின் இடத்தை இரைப்பையை நீளவாட்டில் வெட்டிக் குறுக்கும் சிகிச்சையும், 2021 முதல் ஐக்கிய அமெரிக்காவில் உடற்பருமனுக்கெனவும் அனுமதிக்கப்பட்ட செமாகுளுற்றைட் போன்ற மருந்துகளும் பிடித்துள்ளன. முன்னையது மீளப்பெற இயலாதது. பின்னையதை நிறுத்தி ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றிலிரண்டு பங்கு மீண்டுவிட்டதாக 2022 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. இவையும் காலத்தின் முன் நிறுத்தப்படவேண்டியவையே.

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறை சார்ந்த ஒரு கோரிக்கை எழுகின்றது. உடலிலே நிலைத்திருக்கும் எப்பொருளும் பதிவேட்டில் இடப்பட்டு, அது எவ்வளவு காலம் உடலில் இருக்குமோ அவ்வளவு காலமும் பின்தொடரப்படல் வேண்டும். அதன் செலவு விற்பனை விலையிலேயே அடங்கியிருத்தல் வேண்டும். அகற்றும் பொறுப்பு பொருத்தியவருக்கும் உற்பத்தியாளருக்கும் உரியதாதல் வேண்டும். இவை நிறைவேறாதவிடத்து, மாற்றத்தக்கது, அகற்றத்தக்கது என்ற உறுதிமொழிகள் அவற்றை நிறைவேற்ற எவரும் இல்லாத வெறுஞ்சொற்களாகவே நின்றுவிடும்.